இருளுக்கு அஞ்சியவர் எழுதிய கடிதம்

என்னிடம் சிறு வயதில் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர், இப்பொழுது பொறியியல் கல்லூரியில் பயில்பவர், சென்ற ரமலான் விடுமுறையில் ஓர் ஆங்கில நாவலைக் கொணர்ந்து என் முன் வைத்தார். "ஹஜ்ரத், கதை மிக நன்றாயிருக்கிறது. ஆனால் முடிவுக்கு அருகில் ஓரிடத்தில் நம் நாயகத்தின் பெயர் வருகிறது. அதைப் படித்தபின் புத்தகம் கையைச் சுடுகிறது" என்றார். என் ஆங்கிலம், அரபிக்கும் தமிழுக்கும் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும் ஆங்கிலம். அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒன்றரை மாதத்தில் படித்து முடித்தேன். தம்பி சொன்ன இரண்டும் உண்மை. கதை நன்றாகத்தான் இருக்கிறது. அந்த இடம் சுடவும்தான் செய்கிறது.

நாவலாசிரியர் எல். ஸ்ப்ரேக் டி கேம்ப் என்னும் அமெரிக்கர். 1907-இல் பிறந்து 2000-இல் மறைந்தவர். 'இருள் கவியாதிருக்க' என்று நூலின் பெயரைத் தமிழாக்கிச் சொல்லலாம். 1939 டிசம்பரில் 'அன்னோன்' என்னும் அமெரிக்க இதழில் வெளிவந்து, 1941-இல் விரிவான நூலாயிற்று. காலத்தைக் கடந்து செல்லும் கற்பனைக் கதைகளைப் பற்றிப் பேசுவோர் இன்றளவும் முன்வரிசையில் வைத்துப் பேசுகின்ற நூல் இது.

மார்ட்டின் பேட்வே என்னும் தொல்பொருள் ஆய்வாளர் 1938-ஆம் ஆண்டு ரோமாபுரியில் பாந்தியன் என்னும் பழங்கோயிலருகே நிற்கையில் மின்னல் வெட்டுகிறது. கண் விழித்துப் பார்த்தால் கி.பி. 535. இத்தாலியை அப்பொழுது கோத்தியர் ஆள்கின்றனர். கான்ஸ்டாண்டிநோபிளில் வீற்றிருக்கும் கிழக்கு ரோமானியப் பேரரசர் ஜஸ்டினியன் அந்நாட்டை மீட்கப் படை அனுப்பும் வேளை. அந்தப் போர் 535 முதல் 554 வரை நீண்டதும், 537-இல் ரோமாபுரி முற்றுகையிடப்பட்டு அதற்கு நீர் கொணர்ந்த கால்வாய்ப் பாலங்கள் துண்டிக்கப்பட்டதும், நகரம் பலமுறை கைமாறிப் பாழானதும் மெய்யான வரலாறு. இத்தனையும் பேட்வேக்குத் தெரியும், சுற்றியிருப்போருக்குத் தெரியாது. போரைத் திசை திருப்பினால் ஐரோப்பாவின்மீது கவியவிருக்கும் பல நூற்றாண்டு இருளைத் தடுத்துவிடலாம் என்று துணிகிறார். கதையின் உயிர்நிலை இதுவே.

ஆசிரியரின் திறமையை மறைப்பது நேர்மையாகாது. வெறுங்கையோடு வந்து விழுந்த மனிதர் முதலில் சோற்றுக்கு வழி தேட வேண்டும் என்பதை அவர் மறக்கவில்லை. வாலை வைத்துச் சாராயம் வடிக்கிறார் பேட்வே. முதல் வேண்டுமே என்று சிரியா நாட்டு வட்டிக்கடைக்காரர் ஒருவரிடம் போய் வட்டி விகிதத்துக்கு மல்லுக்கட்டுகிறார். (நாகரிகத்தைக் காப்பாற்றக் கிடைத்த முதல் இரண்டு கருவிகள் சாராயமும் வட்டியும்! நம் வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பக்கங்களில் சிரிக்கட்டும், நானும் சிரித்தேன்.) அச்சகம் அமைத்துச் செய்தித்தாள் நடத்துகிறார். கோபுரத்துக்குக் கோபுரம் சைகை காட்டிச் செய்தி அனுப்ப ஏற்பாடு செய்கிறார். கோபுரங்களின் எண்ணிக்கையைக் குறைக்கத் தொலைநோக்கி செய்விக்கிறார். வெடிமருந்து செய்யப் பார்த்துத் தோற்றுப் போகிறார். அந்தத் தோல்வியை எழுதிய நேர்மையை நான் மெச்சுகிறேன். எந்த மதப்பிரிவினர் வந்து 'நீ எந்தப் பிரிவு?' என்று கேட்டாலும், 'என் பிரிவு உம்முடையதற்கு மிக நெருக்கமானது' என்றே விடை சொல்லித் தப்புகிறார். பின்னர் கோத்திய அரசரின் அமைச்சராகிறார், படைநடத்துகிறார், ஜஸ்டினியனின் மாபெரும் தளபதி பெலிசாரியஸைத் தோற்கடித்துச் சிறைப்பிடிக்கிறார்.

நாவல் முடியும் தறுவாயில்தான் அந்தக் கடிதம். ஜஸ்டினியனுக்குச் சமாதானம் குறித்து எழுதப்படும் மடலின் கடைக்கோடியில், நட்பின் அடையாளமாக ஓர் எச்சரிக்கை. இன்னும் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அரபு நாட்டில் முஹம்மது என்றொருவர் பிறப்பார். வழிதவறிய மதம் ஒன்றைப் போதிப்பார். தடுக்காவிட்டால் காட்டுமிராண்டிப் படையெடுப்பு எழுந்து பாரசீகத்தையும் கிழக்கு ரோமையும் வீழ்த்தும். ஆதலால் அரபுத் தீபகற்பத்தை இப்பொழுதே கைப்பற்றி, அந்தக் கேட்டை ஊற்றுக்கண்ணிலேயே அடைத்துவிடுங்கள். இதுவே அதன் சாரம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றி அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. நகைச்சுவை கலந்த நடையில், போகிற போக்கில் எழுதிவிட்டுக் கதை நகர்ந்துவிடுகிறது.

போகிற போக்கில் எழுதப்பட்டதே என் புகார். பகைமையோடு எழுதியவருக்கு வாதம் இருக்கும். அதற்கு மறுப்பும் எழுதலாம். இங்கே வாதமே இல்லை. இஸ்லாம் தோன்றியிராவிட்டால் உலகம் வெளிச்சமாய் இருந்திருக்கும் என்பது, மழைக்கு முன் துணியை எடுத்து வைப்பது போன்ற சாதாரண முன்யோசனையாக அங்கே காட்சியளிக்கிறது. எழுதியவருக்கும் உறுத்தவில்லை, படிப்பவருக்கும் உறுத்தாது என்று அவர் நம்பியிருக்கிறார்.

பேட்வேயின் மூட்டையைச் சற்று அவிழ்த்துப் பார்ப்போம். அந்தச் சிரியா நாட்டுக் கடைக்காரர் எதற்கு மயங்கிக் கடன் கொடுக்கிறார்? பேட்வே கற்பித்த புதுக் கணக்கு முறைக்கு. ரோமானிய எழுத்துகளால் பெருக்கவும் வகுக்கவும் தவிப்பவருக்கு ஒன்பது இலக்கங்களும் ஒரு சுழியும் கொண்ட முறையைக் காட்டுகிறார். அதற்கு ஆங்கிலத்தில் இன்றும் என்ன பெயர்? அரபு எண்கள்! பிறந்த இடம் இந்தியா என்பதை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். அரபிகளும் அதை 'ஹிந்தி' எண்கள் என்றே மரியாதையோடு அழைத்தனர். மெய்வரலாற்றிலும் ஒரு சிரியா நாட்டவர் இருக்கிறார். ஃபுராத் நதிக்கரையில் வாழ்ந்த கிறிஸ்தவ ஆயர் செவரஸ் செபோக்த், 662-இல், இந்தியரின் ஒன்பது குறிகளை வியந்து எழுதினார். அப்பொழுது சிரியாவை ஆண்டவர்கள் முஸ்லிம்கள். பின்னர் பக்தாதில் அல்குவாரிஸ்மீ 825-ஆம் ஆண்டையொட்டி இந்தியக் கணக்கைப் பற்றி நூல் செய்தார். அதன் அரபு மூலம் அழிந்து லத்தீன் மொழிபெயர்ப்பே எஞ்சியது. அவர் பெயரின் லத்தீன் உருவம்தான் இன்று கணினிக்காரர்கள் வாயில் 'அல்காரிதம்' என்று வழங்குகிறது. வட ஆப்பிரிக்காவின் பிஜாயா துறைமுகத்தில் சிறுவனாக இக்கணக்கைக் கற்ற இத்தாலியர் ஃபிபோனாச்சி 1202-இல் தம் நூலை எழுதிய பின்னரே இத்தாலிய வணிகரிடையே அது பரவத் தொடங்கியது. அப்பொழுதும் 1299-இல் ஃபிளாரன்ஸ் நகரத்து நாணயமாற்றுக்காரர் சங்கம், கணக்கேட்டில் இந்த எண்களை எழுதக்கூடாது என்று விதி செய்தது. பேட்வே ஒரு கடைத்திண்ணையில் முடித்துவைத்த காரியத்துக்கு வரலாறு ஏறத்தாழ எழுநூறு ஆண்டு எடுத்துக்கொண்டது. அந்த எழுநூறு ஆண்டின் பெரும்பகுதி, அவர் 'கேடு' என்று எழுதினாரே, அந்த மக்களின் கைகளில் கழிந்தது.

அச்சகத்துக்கு வருவோம். ஆட்டுத்தோலில் அச்சடித்து எத்தனை நாள் செய்தித்தாள் நடத்த முடியும்? காகிதம் வேண்டும். காகிதம் சீனரின் கண்டுபிடிப்பு. 751-இல் நடந்த தலாஸ் போரையொட்டி ஸமர்கந்துக்கு வந்து, எட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள் பக்தாதை அடைந்து, ஸ்பெயினின் ஷாத்திபா நகர் வழியாக ஐரோப்பாவுக்குள் புகுந்தது. தொலைநோக்கி ஹாலந்தில் 1608-இல் பிறந்தது என்பது சரியே. ஆனால் கண்ணுக்குள் ஒளி எவ்வாறு புகுகிறது என்பதை இப்னுல் ஹைதம் தம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் ஆராய்ந்து, அது லத்தீனுக்குச் சென்ற பிறகல்லவா ஐரோப்பியர் ஒளியியல் பயின்றனர்? சாராயம் வடிக்கும் வாலைக்கு ஆங்கிலத்தில் 'அலெம்பிக்' என்று பெயர். அது நம் 'அல் அன்பீக்'. அச்சொல்லை அரபிகள் கிரேக்கரிடமிருந்து பெற்றனர், அதையும் சொல்லிவிடுகிறேன். குடிப்பதற்கு விலக்கப்பட்ட சமுதாயம் அந்தக் கருவியைக் கொண்டு பன்னீரும் மருந்தும் வடித்தது. பேட்வே பிராந்தி வடித்தார். கருவி ஒன்றே, தேவை வேறு.

ஆக அந்த மனிதரின் மூட்டையில் உள்ள பொருள்களில் பாதிக்குமேல் அரபுக் கப்பலில் ஏறி வந்தவை. அவற்றைக் கொண்டே ரோமாபுரியில் செல்வாக்கும் பதவியும் பெற்றுவிட்டு, கடைசியில் அந்தக் கப்பலைத் துறைமுகத்திலேயே எரித்துவிடும்படி கடிதம் எழுதுகிறார். நன்றி மறந்தவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். நன்றி மறப்பதற்கு முதலில் கடன் தெரிந்திருக்க வேண்டும்.

யாருக்கு எழுதினார் என்பதையும் கவனியுங்கள். ஜஸ்டினியனுக்கு! அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 529-இல், ஏதென்ஸ் நகரத்தில் தத்துவம் கற்பித்த பள்ளிக்குப் பூட்டுப் போட்டவர் அவர். அங்கிருந்த அறிஞர் சிலர் பாரசீக மன்னர் குஸ்ரோவின் அவைக்குப் புகலிடம் தேடிப் போயினர். 532-இல் இரு பேரரசுகளும் உடன்படிக்கை செய்தபொழுது, இவர்கள் ஊர் திரும்பினால் துன்புறுத்தலாகாது என்று பாரசீக மன்னர் ஒரு விதியே சேர்த்தார். விளக்கை அணைத்தவரிடம் போய், 'முப்பதாண்டு கழித்து ஒருவர் பிறப்பார், அவரால் இருட்டிவிடும்' என்று முறையிடுவதை என்னென்பது? கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களை ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அமர்ந்து தேடித்தேடி மொழிபெயர்த்தவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். அவர் ஒரு கிறிஸ்தவர், கலீபாவின் மருத்துவர். தாலமியின் வானநூலைத் தேடி இத்தாலியிலிருந்து தொலேதோவுக்கு வந்த ஜெரார்டு, அதை அரபியிலிருந்து லத்தீனாக்கி முடித்தது 1175-இல். அந்நூலுக்கு மேலைநாட்டார் வழங்கும் 'அல்மஜெஸ்ட்' என்னும் பெயர்கூட அரபியின் வழியே சென்றது. இருள் கவிந்தது எங்கே? மேற்கு ஐரோப்பாவில். உண்மை. ஆனால் ஒரு வீட்டில் விளக்கணைந்ததற்கு உலகமே இருண்டது என்று வரலாறு எழுதிவிட்டு, அடுத்த தெருவில் எரிந்த விளக்கை நெருப்புப் பிடித்த வீடு என்று சொன்னால் எவ்வாறு?

'காட்டுமிராண்டி', 'வழிதவறிய மதம்' என்னும் சொற்களைக் குறித்து ஒரு வார்த்தை. பேரரசருக்கு எழுதும் மடலில் அவருக்குப் பிடித்த சொற்களைப் போடுவது அரசதந்திரம் என்று சிலர் சமாதானம் சொல்வர். ஒப்புக்கொள்வோம். ஆனால் பேட்வே யாருக்கு அமைச்சர்? கோத்தியருக்கு. ரோமானியர் கண்ணில் அவர்களே காட்டுமிராண்டிகள். மதத்திலோ அவர்கள் ஆரியஸ் என்னும் பாதிரியாரைப் பின்பற்றி, ஈஸா (அலை) அவர்களைப் படைக்கப்பட்டவர் என்று கொண்ட பிரிவினர். கான்ஸ்டாண்டிநோபிளின் தீர்ப்பில் அவர்களும் வழிதவறியவர்களே! வழிதவறிய காட்டுமிராண்டிகளைக் கொண்டு நாகரிகத்தைக் காக்கலாம் என்று நாவல் முழுதும் மெய்ப்பித்துக் காட்டியவர், அதே வாய்ப்பை அரபியருக்குத் தர மறுக்கிறார். கோத்தியருக்கு ஒரு பேட்வே கிடைத்தார். அரபியருக்குக் கடிதம்தான் கிடைத்தது.

பாரசீகமும் கிழக்கு ரோமும் வீழ்ந்த கதையையும் அவர் பாதியிலிருந்து தொடங்குகிறார். 602 முதல் 628 வரை இருபத்தாறு ஆண்டுகள் அவ்விரு பேரரசுகளும் ஒன்றையொன்று தின்றன. 614-இல் பைத்துல் முகத்தஸ் பாரசீகர் கைக்குப் போயிற்று; பின்னர் ரோமானியப் படை பாரசீகத்தின் உள்நாடு வரை புகுந்து திரும்பியது. குடிகள் வரியாலும் மதத் தண்டனைகளாலும் நொந்திருந்தனர். காற்றடித்துச் சுவர் விழுந்ததென்று எழுதுபவர், சுவரைக் கரையான் அரித்திருந்ததையும் எழுத வேண்டும். வரலாறு கற்றவரான டி கேம்ப் இதை அறியாதவரல்லர்.

இனி, 'அரபுத் தீபகற்பத்தை இப்பொழுதே கைப்பற்றுக' என்னும் யோசனை. பேட்வேயின் மூளையில் உதித்த புதுமையா இது? இல்லை. ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று! 525-ஆம் ஆண்டையொட்டி, ஜஸ்டினியனின் மாமன் ஜஸ்டின் ஆட்சியில், ரோமின் ஆதரவோடு ஹபஷாவின் படை செங்கடலைக் கடந்து யமனைப் பிடித்தது. ஜஸ்டினியனே அங்குத் தூதனுப்பினார். பட்டு வாணிகத்தைப் பாரசீகர் பிடியிலிருந்து விடுவிப்பதும், அரபியரைப் பாரசீகத்துக்கு எதிராகத் திருப்புவதும் அவர் நோக்கம். இதையெல்லாம் எழுதிவைத்தவர் புரோகோப்பியஸ் என்னும் வரலாற்றாசிரியர். கோத்தியப் போரைப் பற்றி உலகுக்கு முதன்மையான சான்றும் அவருடைய நூலே. அதே புரோகோப்பியஸ், யமனில் ஆட்சியைக் கைப்பற்றிய ஒரு கிறிஸ்தவத் தலைவனைப் பற்றியும் எழுதுகிறார். பாரசீகத்தின்மீது படையெடுப்பதாகப் பேரரசருக்குப் பலமுறை வாக்களித்து, ஒரே ஒருமுறை புறப்பட்டு உடனே திரும்பிவிட்டான் என்கிறார். அவன் பெயரை ஆபிரமஸ் என்று கிரேக்கத்தில் எழுதுகிறார்.

அந்தப் பெயரை நம் வீட்டுக் குழந்தைகள் அறிவர். அப்ரஹா. யானைப்படையோடு கஅபாவை இடிக்கப் புறப்பட்டவன். 'அலம் தர' என்று ஐந்து வயதில் நாம் மனனம் செய்த சூரா, அவன் படைக்கு நேர்ந்ததைத்தான் சொல்கிறது. அந்த ஆண்டிலேயே நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்தார்கள் என்பது நம் ஸீரா நூல்களில் பெரும்பாலானவை சொல்லும் செய்தி, கி.பி. 570 என்று கணக்கிடுவர். அவன் காலத்துக் கல்வெட்டுகளைக் கொண்டு ஆண்டை முன்பின்னாகச் சொல்வோரும் உண்டு. அந்த ஆராய்ச்சி நடக்கட்டும். கிழக்கு ரோமின் ஆதரவோடு நுழைந்த ஒரு படை, ஊற்றுக்கண்ணை நோக்கியே நடந்தது என்பதில் ஐயமில்லை. பேட்வேயின் கடிதம் போய்ச் சேருவதற்கு முன்பே அதன்படி காரியம் தொடங்கியிருந்தது. முடிவுதான் அவர் எதிர்பார்த்ததாக இல்லை.

'கதைதானே ஹஜ்ரத், அதற்கு ஏன் இத்தனை?' என்பாரும் உண்டு. அதிலும் நாவலே ஒரு கேடயம் தருகிறது. காலம் ஒரு மரம். கடந்த காலத்துக்குச் சென்றவன் அதில் புதுக்கிளையை உண்டாக்குகிறான். மூலக்கிளைக்கு ஒன்றும் ஆகாது. அவ்வாறாயின் நம் வரலாறு பத்திரம்தான். ஆனால் ஒரு கேள்வி எனக்கு விடைகாண முடியாததாயிருக்கிறது. போரை நிறுத்தியாயிற்று, அரசர்களை மாற்றியாயிற்று, வாணிகமும் செய்தியும் வேறு வழிகளில் ஓடத் தொடங்கிவிட்டன. அந்தப் புதுக்கிளையில் பேட்வேயின் பாட்டனாரே பிறப்பாரென்று உறுதி சொல்ல இயலாது. எல்லாமே புரண்டுபோன அந்த உலகில், மக்காவில் ஒரு குழந்தை மட்டும் உரிய ஆண்டில், உரிய பெயரோடு, உரிய தூதோடு பிறந்தே தீரும் என்று ஆசிரியர் எவ்வாறு முடிவு செய்தார்? எதை மாற்றினாலும் மாறாத ஒன்றாக அந்தப் பிறப்பை மட்டும் எழுதியிருக்கிறார். தக்தீரில் எனக்குள்ள ஈமான் அவருக்கும் இருந்தது போலும்!

மார்க் ட்வைன் 1889-இல் எழுதிய நாவல் ஒன்றிலும் அமெரிக்கர் ஒருவர் இதே ஆறாம் நூற்றாண்டுக்கு, இங்கிலாந்தின் ஆர்தர் அரசரிடம் போய்ச் சேருகிறார். அவரும் தந்தியும் தொழிற்சாலையும் அமைக்கிறார். கடைசிப் போரில் மின்கம்பிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் இருபத்தையாயிரம் வீரர்களைக் கொன்று குவிக்கின்றன. வென்றவர்கள் பிணக்குவியலுக்குள் சிறைப்பட்டு மடிகிறார்கள். கருவி கொண்டுபோகிறவன் எதைக் கொண்டுபோகிறான் என்னும் அச்சம் ட்வைனுக்கு இருந்தது. டி கேம்புக்கு அது இல்லை. அவர் கதை வெளிவந்தது 1939 டிசம்பர் என்றேன். மூன்று மாதங்களுக்கு முன் செப்டம்பரில் வார்ஸா நகர்மீது குண்டு பொழிந்த நாட்டில் அச்சகத்துக்குக் குறைவா, தந்திக்குக் குறைவா? ஐரோப்பா இருண்டுவிடுமோ என்று அவ்வாண்டில் ஒருவர் அஞ்சியதில் நியாயமுண்டு. அந்த இருளுக்கு அரபு நாட்டில் ஊற்றுக்கண் தேடியதுதான் நியாயமில்லை.

நூலை வீட்டுக்குள் விடலாகாது என்று நம் ஜமாஅத்தில் ஒரு பெரியவர் சொன்னார். அவர் மனவருத்தம் எனக்கும் உண்டு. முடிவு எனக்கு உடன்பாடில்லை. வாசலில் தடுத்துவிட்டால் பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து படிப்பான். பக்கத்தில் விடை சொல்ல ஆளிருக்காது. அன்றியும் நாம் மேடையில் பேசுவது என்ன? 'சுழியத்தை உலகுக்கு ஈந்தவர் நாமே' என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு முழங்குகிறோம். சுழியம் இந்தியாவுடையது. நாம் செய்தது அதை மதித்துக் கற்றதும், கற்றதைக் கைமாற்றியதும். என் உஸ்தாதின் காலம்வரை மதரஸாவில் ஓதப்பட்ட 'தஷ்ரீஹுல் அஃப்லாக்' என்னும் வானநூல் கிதாபு, என் காலத்தில் அலமாரிக்குப் போய்விட்டது. அதைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்த தலைமுறை நான். கடன் தெரியாத பேட்வேயைக் கண்டிக்கையில் இதுவும் நினைவுக்கு வந்து நாவை உறுத்துகிறது.

தம்பி விடுமுறை முடிந்து புறப்படும் நாளில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கடிதம் வரும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 525 என்றும், புரோகோப்பியஸ் என்றும், கீழே சூரத்துல் ஃபீல் என்றும் குறித்திருந்தேன். அவர் பார்த்துவிட்டு, "இது கல்லூரி நூலகத்துப் புத்தகம், ஹஜ்ரத்" என்றார். அழிக்கவா என்று கேட்டேன். சற்று யோசித்து, "இருக்கட்டும், அடுத்து எடுப்பவர் பார்க்கட்டும்" என்று பையில் வைத்துக்கொண்டார்.